பெயரை எழுதுங்க அண்ணாச்சி

“மெஷினுக்கு என்ன கை முளைச்சிருக்கா அண்ணாச்சி, தானா சுவிட்சைப் போட்டுக்கிடுதுக்கு?”

ஷீலா தாளை மேசைமேல் பொத்தென்று போட்டாள். எதிரே ஏசுவடியான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூல் மில் ஒன்றில் மேஸ்திரி. ஐம்பது வயதுக்கு மேலே அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்.

வடக்கு ரத வீதி மாடியில் ஷீலா நடத்தும் வகுப்புக்கு ப்ராஜெக்ட் எழுதத் திணறும் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள், ஒரு மெயிலை ஒழுங்காக அனுப்பத் தெரியாத ஆபீசர்கள் வருவார்கள். எல்லாரையும் எப்படியோ தேற்றிவிடுவாள். இன்றைக்கு இந்த மனுஷன்தான் அவள் உயிரை வாங்கினார். ஒரே அறிக்கை, நாலாவது தடவை.

“கேளுங்க. ‘நேற்று மதியம் தொழிலாளி மாரிசெல்வி மெஷினில் சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது மெஷின் ஓடியது. அவருடைய இரண்டு விரல்கள் துண்டாயின.’ எந்த மில்லு? சுவிட்சைப் போட்டது யாரு? ஒண்ணும் இல்ல. இதுக்கு வெறும் தாளையே குடுத்துரலாமே!”

“மில்லு பேரு அச்சடிச்ச தாள்ல இருக்கும் டீச்சர்.”

“சுவிட்ச் போட்ட ஆளு பேரையும் அச்சடிச்சு வச்சிருக்காங்களோ?”

ஏசுவடியான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். என் கண்ணு முன்னாலதான் போட்டாரு. உள்ள ஆளு இருக்கான்னு பாக்கல. நான் கத்துததுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு.”

“அப்ப எழுதுததுக்கு என்ன? பயமா?”

“பயம் இல்ல. நல்ல மனுஷன். அவருக்கும் குடும்பம் இருக்குல்லா.”

ஷீலாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

“மாரிசெல்விக்குக் குடும்பம் இல்லியோ? பேரை விட்டா அவளுக்கு என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க.”

“அவ கவனக்குறைவுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நாளைக்குக் காலைல ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. இந்தத் தாளை வச்சுத்தான் முடிவு.”

“இவ்வளவும் தெரிஞ்சிக்கிட்டா மழுப்புதிய? விரலு போனவளுக்கு வேலையும் போகணுமா? ஒரு மாசமா நான் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா? யாரு, எங்க, என்ன செஞ்சாங்க, இந்த மூணும் இல்லாம இந்த ரூமை விட்டு நீங்க போக முடியாது அண்ணாச்சி!”

ஏசுவடியான் பேனாவைக் கையில் எடுத்தார்.

“கண்டிப்பா எழுதணுமா டீச்சர்?”

“எழுதுங்க. இப்பவே, என் முன்னால.”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். மெதுவாக எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் பேனாவை நிறுத்தினார்.

“இன்னும் என்ன?” என்று ஷீலா பல்லைக் கடித்தாள்.

தலையை நிமிர்த்தாமல் அவர் கேட்டார்: “ராஜேஷ்குமார்னு எழுதிட்டேன் டீச்சர். உங்க வீட்டுக்காரருக்கு இனிஷியல் என்ன?”