அமெரிக்காவுக்கு வந்த கதை

நூலக மேசையில் கிடந்த கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அழகம்மா அக்கா அதைத் தொடமாட்டேன் என்றார்.

மாலை ஐந்தே முக்கால். அமெரிக்காவில் காலை எட்டே கால். அவருடைய தம்பி சதீஸ் பரீட்சை முடிந்து வெளியே வந்திருப்பார்.

குடியுரிமைப் பரீட்சை. அந்த நாட்டு வரலாற்றில் வாயால் பத்துக் கேள்வி கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். முதல்முறை மனிதர் கோட்டை விட்டுவிட்டார். இன்றைக்கும் விட்டால் விண்ணப்பத்திலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பாஸ் என்றால் பாஸ்போட். பாஸ்போட் என்றால், அகதியாகப் போன தம்பி பதினான்கு வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்க வரலாம்.

நான் பயந்ததற்கு வேறு காரணம். இந்த நூலகத்துக்குப் பொறுப்பு நான்தான். அவருக்குப் பாடம் தேடிக் கொடுத்ததும் நான்தான். தேடிய லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

ஆறு கிழமைக்கு முன்பு அக்கா மிளகாய்த் தோட்டத்திலிருந்து நேரே வந்து நின்றார். ஆரம்பகால அமெரிக்க வரலாறு வேண்டும், தமிழில் வேண்டும் என்றார். தம்பிக்கு ஹோட்டல் குசினியில் இரண்டு நேரச் சமையல் வேலை. இங்கிலிஷில் பாடமாக்கியது தலையில் நிற்கவில்லையாம். சின்ன வயதில் அக்கா கதையாகச் சொன்னால்தான் அவருக்கு எந்தப் பாடமும் ஏறுமாம். அதனால் இப்போதும் அக்கா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பப் போகிறார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் குடும்பம் வவுனிக்குளத்தில் வயல் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் அமெரிக்கன் என்றால் இரண்டுதான். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கன் மிஷன் பாதிரிமார், அமெரிக்கன் மா என்கிற கோதுமை மா. மாவைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. ஆகவே மிஷன்.

பத்து நாள் அக்கா விடாமல் கதை சொன்னார். பாதிரிமார் வந்தது, வெயிலில் வாடியது, தமிழ் படித்தது, பள்ளிக்கூடம் கட்டியது. சதீஸும் பாவம், வேலைக்குப் போகிற பஸ்ஸில் தூங்கித் தூங்கிக் கேட்டிருக்கிறார். பதினோராம் நாள்தான் அவருக்கு உறைத்தது. இது அமெரிக்கர்கள் நம்மிடம் வந்த கதை, எனக்கு வேண்டியது அமெரிக்காவுக்கு வந்தவர்களின் கதை என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்.

எனக்கு மானம் போய்விட்டது.

அன்று முழுக்க நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். அமெரிக்க வரலாற்றுக்கு எங்கள் தொழிலில் 973 என்று ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கம் ஒட்டிய தட்டில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று சந்திரனுக்குப் போனதைப் பற்றியது. மற்றது சோளப் பயிர்ச்செய்கை. எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியாது.

பத்திரிகை படிக்க வருகிற அப்புத்துரை ஐயா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை, பதினோராம் ஆண்டுச் சரித்திரப் புத்தகத்தைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. பதினோராம் வகுப்புக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற பள்ளிக்கூடப் புத்தகம். அமெரிக்கச் சுதந்திரப் போர் என்று அதில் முழுப் பகுதியே இருக்கிறது. என் மகள் ரஜிதாவின் பையில் ஒரு வருடமாக எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.

மறுநாள் கொண்டுவந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய இடத்தில் என்னை நிறுத்திவிட்டார். வரிப் பிரச்சினையை மூன்றுமுறை விளக்கினேன். அது அவருக்குப் பொருட்டே இல்லை. அவ்வளவு கொழுந்தையும் பறித்தவர்களுக்கு யார் பதில் சொன்னது என்று கேட்டார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கேட்கத்தானே செய்வார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு துண்டுக் கதை அமெரிக்காவுக்குப் போனது. இன்று பின்னேரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில்தான் இந்த அழைப்பு.

"நீங்களே எடுங்க மிஸ். எனக்குக் கேக்கப் பயமா இருக்கு."

எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

சதீஸ் மூச்சு வாங்க வாங்கப் பேசினார். எட்டுக் கேள்வியில் ஐந்து சரி, மூன்று பிழை. ஒன்பதாவதாக அந்த அதிகாரி அம்மா, ஆரம்பத்தில் சனங்கள் எதற்காக அமெரிக்காவுக்கு வந்தார்கள் என்று கேட்டாராம்.

"இருந்த எடத்துல அடிச்சுத் தொரத்துனாங்க, வந்த எடத்துல காடு வெட்டுனா காணி கெடைக்கும்னாங்க, அதான் வந்தாங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க அக்கா. நான் பாஸ்."

அப்புத்துரை ஐயா பத்திரிகையைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். அக்கா சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தேடிக் கொடுத்த புத்தகம் ஒரு மனிதரை ஊருக்குக் கொண்டுவரப் போகிறது.

சதீஸ் இன்னும் வைக்கவில்லை.

"ஒன்னுதான் வெளங்கல அக்கா. அவ்வளவு பேரும் லொறியிலயா அமெரிக்காவுக்கு வந்தாங்க?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் லொறி இல்லை.

அக்கா கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"புத்தகம் எனக்குப் பாதி வெளங்கல மிஸ். எழுபத்தேழு கலவரத்துல நம்மாளுங்களத் தேயிலைத் தோட்டத்தவிட்டு அடிச்சுத் தொரத்துனப்ப, எங்கப்பா எங்கள லொறியில ஏத்திக்கிட்டு இங்க வந்தாரு. அந்தக் கதையத்தான் பேரை மாத்திச் சொன்னேன். இவன் அப்ப அம்மா வயித்துல. அப்பா அதைப் பத்தி அவன்கிட்ட வாயே தொறந்ததில்ல."

பிறகு, நம்பமுடியாதவர்போல என்னைப் பார்த்தார்.

"அதையும் சரின்னுட்டாங்களே மிஸ்."