இருபத்துமூன்றாவது தட்டு

ஜாண்டிரா நாற்பத்தாறு வயதில் சோயா ஏற்றும் லாரியில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கோயாஸிலிருந்து பெலேம் துறைமுகம் வரை ஏழு நாள் ஓட்டம். சொல்லிக்கொடுக்க வந்த எவரால்டோ அவளைவிட இருபது வயது சின்னவன். அவன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஒரு தடியால் இருபத்திரண்டு டயரையும் தட்ட வேண்டும். திண்ணென்று கேட்டால் காற்று இருக்கிறது, தொப்பென்றால் இல்லை. எவரால்டோ இருக்கையில் காப்பி குடித்துக்கொண்டே தட்டும் சத்தத்தை எண்ணுவான்.

“இருபத்திமூணு! வீட்லேர்ந்து ஒரு டயர் எடுத்துட்டு வந்தியாக்கா?”

“இருபத்திரெண்டுதான்டா தம்பி. எனக்கு எண்ணத் தெரியும்.”

“எண்ணத் தெரியாதவங்களுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன், பாத்துக்க.”

ஆறு நாளும் இதே தகராறு.

ஏழாம் நாள் பட்டப்பகலில் ஜாண்டிரா ஒரு சாக்கட்டி வாங்கினாள். எவரால்டோவைக் கூடவே நடக்கவைத்து, தட்டிய டயரிலெல்லாம் ஒரு கோடு போட்டாள். இருபத்திரண்டு கோடும் முடிந்ததும் தடியை அவன் கையில் கொடுத்தாள்.

“இப்ப சொல்லு, எத்தனை?”

அவன் வாய் திறப்பதற்குள் வண்டியின் மறுபக்கம் ஒரு தட்டு கேட்டது. தொப்பென்று.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை, கண்ணுகளா. சற்றுமுன் திண்ணென்றிருந்த பின்பக்க டயர் ஒன்றில் மெல்லக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

அதை ஜாண்டிராவே கழற்றி மாற்றினாள். எவரால்டோ கையெழுத்துப் போட்டான்.

இப்போது அவள் தனியாகத்தான் ஓட்டுகிறாள். இருபத்திரண்டையும் தட்டிவிட்டு, தடியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இருபத்துமூன்றாவது திண்ணென்று கேட்ட பிறகுதான் வண்டியை எடுப்பாள்.