ஒரே குச்சியில்

விருந்துக்காக ஒரு மூங்கில் குச்சியில் கறி கோலா உருண்டையையும், அதன் மேல் ஒரு பாஸ்தாத் துண்டையும் குத்தித் தட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஆறினா நீ விறைச்சுப் போயிடுவ தம்பி. நான் சூடாத்தான் இருக்கேன், என் மேல சாஞ்சுக்கோ" என்றது கோலா.

பாஸ்தா சாய்ந்துகொண்டது. கோலாவின் மசாலா ஊறி, வெளிறிப் போயிருந்த அதன் உடம்பில் நிறமும் மணமும் ஏறின.

தட்டு ஒரு விருந்தாளி அம்மாவிடம் போனது. "ஐயோ, நான் சைவமாச்சே" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நானும் சைவம்தாங்க!" என்று பாஸ்தா முந்திக்கொண்டு சொன்னது. "கீழே இருக்கிறது யாருன்னே எனக்குத் தெரியாது."

கோலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்காரி பாஸ்தாவை மட்டும் உருவி, தனிக் கிண்ணத்தில் வைத்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். பாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார்; சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கறி வாசனை அடிக்குதே!"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் பாஸ்தாவைப் பார்த்தார்கள். வீட்டுக்காரி அசடு வழிந்தபடி அதை எடுத்து, மறுபடி அதே குச்சியில் செருகினாள்.

கோலா கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டது.

"ரொம்ப ஆறிப்போயிட்டியே தம்பி, சாஞ்சுக்கோ."

பாஸ்தாவுக்குச் சாய முகமில்லை. விலகி நிற்கவோ குச்சி விடவில்லை.