வேலிமேல் ஒரு சிவப்பு நத்தை

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மைசி மலையின் காபிச் செடிகளில் இலைக்கு இலை வெயில் சொட்டுகிறது. இலையில் படர்ந்த பாசியைத் தின்ன நத்தைகள் வெளியே வந்துவிட்டன. என் செடிகளில் இருப்பதெல்லாம் மஞ்சள் நத்தைகள். வேலிக்கு அந்தப் பக்கம், ஒடாலிஸின் செடியில் ஒரே ஒரு சிவப்பு. கறுப்புக் கோடு சுற்றிய அதன் ஓடு சாயம் காயாதது போல மினுங்குகிறது. அதைக் காட்டில் தேடிப் பிடித்து அவளுக்குக் கொண்டுவந்து விட்டவன் என் புருஷன் எலியாதெஸ். எனக்கு இத்தனை வருஷமாக மஞ்சள்தான்.

அந்தச் சிவப்பு இப்போது வேலிமேல் நீண்ட கிளை வழியாக என் பக்கம் ஊர்ந்து வருகிறது. தானாக வேலி தாண்டும் நத்தை, வந்த வீட்டுக்குச் சொந்தம். தாண்டும்போது யாரும் அதைக் கையால் தொடக்கூடாது. எங்கள் மலை வழக்கம் அது. வெயிலில் கிளை காய்ந்து அது திரும்பிவிடாமலிருக்க, நுனியில் தண்ணீர் தெளிக்கிறேன்.

"என்னடி, பெஞ்ச மழை போதலையா உனக்கு?" ஒடாலிஸ் ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு சிரிக்கிறாள்.

"எனக்கு எதுதான்டி போதுமா கிடைச்சிருக்கு?"

அவளுடைய பழக்கூடையைத் தூக்கிவிடப் போன எலியாதெஸ் நின்று பார்க்கிறான். நத்தையின் கொம்புகள் வேலிக் கம்பிக்கு மேலே வந்துவிட்டன. நான் மூச்சை அடக்குகிறேன்.

"ஐயோ, விழுந்துடப் போகுது" என்கிறான் அவன். நத்தையைத் தொடவில்லை. கிளையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, அவள் பக்கம் வளைத்துக்கொள்கிறான்.