வீட்டில் சொல்லிவிடாதீர்கள்

“வெளியில உக்காந்திருக்காரே, அவர்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க டாக்டரம்மா.”

சொல்லிக்கொண்டே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புற்றுநோய்ப் பிரிவின் அந்தச் சின்ன அறைக்கு அழுகை புதிதில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டி எப்போதும் மேஜைமேல் தயாராக இருக்கும். டாக்டரம்மா அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சொல்லாம எப்படிம்மா? உங்க கூடவே அலையற மனுஷன். இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது?”

“தெரியறப்போ தெரியட்டும். அதுவரைக்குமாவது நிம்மதியா இருந்துட்டுப் போறேன். இதைத் தாங்கற சக்தி எனக்கு இல்ல.”

“இத்தனை நாள் எவ்வளவோ தாங்கிட்டீங்க.”

“அது வேற, இது வேற.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த நாற்காலியில உக்காந்து நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கேன். கட்டி போயிடுச்சு, முழுசா குணமாயிட்டீங்கன்னு சொன்னதுக்கு அழுத முதல் ஆள் நீங்கதான்.”

“அழாம என்ன செய்ய? நாளைக்கே மொத்த வீடும் என் தலையில வந்து விழும்.” அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். “நான் விளையாட்டுக்குச் சொல்லல டாக்டரம்மா. மருந்து ஏத்தின நாளெல்லாம் உயிர் போய் உயிர் வந்துச்சு. செத்துடுவோமோன்னு பயந்து சுவரையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். அது எதுவும் பொய்யில்ல. ஆனா வீட்டுல நடந்ததையும் சொல்லணும்ல? உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன் துணி துவைக்கக் கத்துக்கிட்டார். ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்தக் கேள்வியை நான்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. மருமகள் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பொறுக்காத மாமியார், முடி கொட்டிய தலையைப் பார்த்த அன்றே மனம் இளகி ஆரஞ்சு உரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஞாயிறு தவறாமல் பிள்ளைகளோடு வந்து இறங்கி, ஒரு தட்டைக்கூடக் கழுவாமல் கிளம்பும் நாத்தனார், நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற சந்தேகத்தில் வருவதையே நிறுத்திவிட்டாள். அது ஒட்டாது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல இவள் மெனக்கெடவில்லை.

“இப்போ பாழாப்போன முடி வளர ஆரம்பிச்சிடுச்சு. ஒரு விரற்கடை வளர்ந்ததும் மாமியார் ஆரஞ்சைத் தோலோட குடுத்தாங்க. ரெண்டு விரற்கடை ஆனதும், ‘கொஞ்சம் நடமாடினா உடம்புக்கு நல்லதும்மா’ன்னு அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டறாங்க. குணமாயிடுச்சுன்னு நீங்க வேற சொல்லிட்டா என் கதை முடிஞ்சுது.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு சொல்லுங்க. சின்னதா. ஒரு ஓரமா.”

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் கணீரென்று வந்தது.

“ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு விடறதுக்கு அது என்ன உங்க வீட்டுப் பழைய நாற்காலியா? டாக்டர் பொய் சொல்லக் கூடாதும்மா. உங்களுக்கு வேண்டியது நோய் இல்ல, வீட்டுல நேருக்கு நேரா பேசற தைரியம்.”

“நோய் வர்றதுக்கு முன்னாடி பேசிப் பாத்தாச்சு. நான் பேசினது யார் காதுலயும் விழல. கட்டி பேசினதும் எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க.”

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் கதவு லேசாகத் திறந்தது. பிளாஸ்க்கும் கையுமாகக் கணவர் எட்டிப் பார்த்தார்.

“வெந்நீர் ஆறிடப் போகுது. ஒரு வாய் குடிச்சுட்டுப் பேசேன்.” அவரே ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, மூடியைத் துடைத்து மாட்டினார். போகிற போக்கில் டாக்டரம்மாவிடம் குனிந்து, “எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க மேடம், அவ தாங்க மாட்டா,” என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

“பாத்தீங்கல்ல?” என்றாள் அவள். இந்த முறை நிஜமாகவே அழுதாள். “அந்த மூடியைத் துடைச்சாரே, அதைத்தான் சொல்றேன். இதை விட்டுட்டு நான் எப்படிப் பழையபடி இருப்பேன்?”

டாக்டரம்மா கைக்குட்டைப் பெட்டியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“தப்பு தப்புதான்மா. நோயைச் சொல்லி வீட்டை ஏமாத்தறது பெரிய பாவம்.”

அப்போது மேஜைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. யார் என்று பார்த்ததும் அவர் தோள் இரண்டும் தொங்கிப்போயின. கணீர்க் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

“ம்... சொல்லுங்க... இல்லங்க, எழுந்து நிக்கவே முடியல. ராத்திரிக்கு நீங்களே ஏதாவது சமைச்சுடுங்க... உங்க அக்கா குடும்பத்தோட வர்றாங்களா? வரட்டும், பாவம். ஆனா கூட்டம் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே... சரி, நீங்களே அவங்களுக்குப் பக்குவமா சொல்லிடுங்க.”

போனை வைத்தார். எதிரில் இருந்தவளுக்குத் தன் அழுகை மறந்துபோயிற்று.

“அடக் கடவுளே, உங்களுக்கும் இதே நோயா டாக்டரம்மா? தெரியாம நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசிட்டேன். எப்போ வந்துச்சு?”

“வந்து பத்து வருஷம் ஆச்சும்மா,” என்று பேனாவைத் திறந்தார் டாக்டரம்மா. “போய் ஒன்பது வருஷம் ஆச்சு. சரி, உங்களுக்கு எத்தனை வருஷம் ஓய்வுன்னு எழுதட்டும்?”