குதிரைவண்டிக் கார்

"ரப்பரா வித்தான் அந்தக் கடைக்காரன்? வெங்காயத் தோலை வித்திருக்கான்!"

பழைய காருக்கு அடியிலிருந்து ஹெட்கிளார்க் போட்ட கூச்சலில் தெருநாய்கள் ஊரையே காலி செய்தன.

கோபம் நியாயம்தான். முன்சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை மூன்றாவது முறையாகக் கிழிந்திருந்தது. கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே குடியேறி, வளைவில் திரும்பினால் போதும், 'டக் டக் டக்'. தெருவே அந்தக் காருக்குக் குதிரைவண்டி என்று பெயர் வைத்துவிட்டது.

"கத்தாதீங்க, ரத்தக்கொதிப்பு வந்துடும்" என்றாள் டார்ச் பிடித்திருந்த மனைவி.

"வந்தா அவனுக்கு வரட்டும்!"

ஜாயின்ட்டைக் கழற்றி, எஃகுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, ஒரு யானைக்குப் பூசுமளவு கிரீஸ் அடைத்து, புது உறையை மாட்டினார்.

"அவனை உரிச்சுட்டு வர மத்தியானமாகும்" என்று காரைக் கிளப்பினார்.

கடை பூட்டியிருந்தது. பல்லைக் கடித்தபடி திரும்பினார். ஆனால் தெருமுனை வளைவில் கார் பூனைபோல வந்தது! அந்தப் பெருமையைச் சொல்ல, கிரீஸ் கையோடு வீட்டுக்குள் ஓடினார்.

சமையலறையில், கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் தடுத்திருந்த சர்க்கரை டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார் அப்பா. மூடியைப் பிடித்தபடி நின்றாள் மனைவி.

"அப்பா!" கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

வாயெல்லாம் சர்க்கரையாக, அப்பா அதைவிடப் பெரிதாக மருமகளிடம் சீறினார்:

"முன்னெல்லாம் இவன் வர்றது தெருமுனையிலேயே கேக்கும். இப்ப பாரு! கத்தியைக் கொடும்மா, இந்தத் தடவை அந்த ரப்பரை நானே கிழிக்கிறேன்!"