டீசல் முன்னூறு

“டீசல்... வாட்ங்க?”

லின் மெயின்டனன்ஸ் சீட்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. தைவான்காரரு. இங்க ஒரு பனியன் கம்பெனிக்கு நிட்டிங் மெஷின் பூட்டிக் குடுக்க வந்து, எங்க அப்பார்ட்மென்ட்ல மூணாவது மாடில வாடகைக்கு இருக்காரு. வந்து ரெண்டு மாசம்தான். தமிழ் வரல. ‘ங்க’ மட்டும் வந்துருச்சு.

நான் செக்ரட்டரி. வேற யாரும் ஒத்துக்காததால ஒருமனதா என்னைப் போட்டு ஒரு மாசம் ஆச்சு.

“லிஃப்ட் ஓகேங்க. வாட்டர் லாரி ஓகேங்க. வாட்ச்மேன் ஓகேங்க. டீசல் த்ரீ ஹண்ட்ரட்... வாட்ங்க?”

ஈவினிங் காலேஜ்ல படிச்ச இங்கிலீஷை எடுத்து விட்டேன். “கரண்ட் கோ. ஜெனரேட்டர் கம். ஜெனரேட்டர் ட்ரிங்க் டீசல்.”

“கரண்ட் கோங்க. ஜெனரேட்டர் நோ கம்ங்க.”

வாஸ்தவம். போன வாரம் லிஃப்ட்டுக்குள்ள இருபது நிமிஷம் நின்ன மனுசன்.

ரெண்டு பேரும் கீழ போய்ப் பார்த்தோம். ஜெனரேட்டர்ல பேட்டரியே இல்ல. மேல ஒரு பூனை மூணு குட்டியோட படுத்திருந்துச்சு. வாடகை பாக்கி கேக்க வந்தவனைப் பாக்கற மாதிரி என்னைப் பார்த்துச்சு.

எனக்கு வேலை துணி செக்கிங். இருவது வருஷமா ஓட்டை தேடித்தான் சோறு திங்கறேன். மாசம் முன்னூறு, பதினாறு ஊடு. எவ்வளவு பெரிய ஓட்டை!

“மிஸ்டர் லின், நீங்க கவலைய விடுங்க. நான் இருக்கறேன். சண்டே மீட்டிங்ல கிழிச்சுப்போடறேன்.”

நேரா பொருளாளர் பிரிசில்லா டீச்சர் ஊட்டுக்குப் போனேன்.

“டீச்சர், டீசல் பில்லு வேணுமுங்க.”

“பில்லுங்களா...” டீச்சர் முகம் சுருங்கிப்போச்சு. “பில்லு இல்லீங்ண்ணா.”

“எந்த பங்க்ல வாங்கறீங்க?”

“அது... டீ குடிக்கறீங்களாண்ணா?”

பில்லு கேட்டா டீ வருது. எனக்கு முடிவாகிப்போச்சு. மூணு வருஷமா இந்தம்மாதான் கணக்கு. ஸ்கூல்ல பசங்களுக்கு வாய்மையைப் பத்திப் பாடம் எடுக்கறவங்க வேற. டீயைக் குடிச்சுப்போட்டுத்தான் வந்தேன், அது வேற விஷயம்.

ஞாயித்துக்கிழமை காலைல பார்க்கிங்ல சேர் போட்டு எல்லாரும் உக்காந்தோம். நான் எழுந்தேன். புதுசா தேச்ச சட்டை.

“இந்தக் கட்டடத்துல ஒரு திருட்டு நடக்குதுங்க.”

டீச்சர் குனிஞ்சுக்கிட்டாங்க.

“ஓடாத ஜெனரேட்டருக்கு டீசல். வெளிநாட்டுக்காரரு கேக்கறாரு, நமக்கு வெக்கமா இல்லீங்களா? மிஸ்டர் லின், சொல்லுங்க!”

லின் தன்னோட செருப்பையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. “சார்ங்க, டீசல் ஓகேங்க. நோ ப்ராப்ளம்ங்க.”

“பாருங்க, இவரையும் மிரட்டி வெச்சிருக்காங்க!”

ரெண்டாவது மாடி நஜீமுதீன் பாய் சொன்னாரு, “விட்டுப்போடுங்க. மாசம் முன்னூறு ரூவாதானுங்களே.”

“முன்னூறா மூணு ரூவாயான்னு இல்லீங்க பாய். நியாயம். டீசலை இந்த மாசத்தோட எடுத்துப்போடலாங்கறவங்க கை தூக்குங்க!”

நான் தூக்கினேன். சுத்திப் பார்த்தேன். என் கை மட்டும்தான் மேல இருந்துச்சு. என் சம்சாரம் அன்புசெல்வி கூடத் தூக்கல. தூக்கியிருந்த கையைப் பிடிச்சுக் கீழ இழுத்தா.

“கம்முனு உக்காருங்க. மானத்தை வாங்காதீங்க.”

டீச்சர் எழுந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு.

“அது கன்னையனுக்குப் போகுதுங்ண்ணா. நம்ம பழைய வாட்ச்மேனுக்கு.”

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மேல் டேங்க்ல தண்ணி பாக்க ஏறி வழுக்கி விழுந்தவரு. இடுப்பு போயிருச்சு.

“அவரு சொந்த ஊரு மடத்துக்குளத்துல படுத்த படுக்கையா இருக்காருங்க. மாத்திரை, மளிகை எல்லாம் இந்தப் பணத்துலதான். வேற பேரு தோணல, டீசல்னு எழுதி வெச்சோமுங்க.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியுமுங்க,”ன்னாரு பாய்.

“என்கிட்ட ஏனுங்க சொல்லல?”

அன்புசெல்விதான் சொன்னா. “கன்னையன் விழுந்தப்ப, அவருக்குச் சம்பளம் தொடர்ந்து குடுக்கலாமான்னு மீட்டிங் போட்டோமே, அன்னிக்கு நீங்க என்ன பேசுனீங்க?”

ஞாபகம் வந்துச்சு. ‘பனியன் கம்பெனில தைக்காத பீசுக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா?’ன்னு கேட்டேன். கேட்டதும் எல்லாரும் அமைதியாயிட்டாங்க. என் பாயின்ட்டுல அசந்துபோயிட்டாங்கன்னு நெனச்சேன். கம்பெனில பத்துப் பேர்கிட்டச் சொல்லிப் பெருமை வேற பட்டுக்கிட்டேன்.

ஆக, ரெண்டு வருஷமா நானும் மாசாமாசம் தர்மம் பண்ணியிருக்கேன். எனக்குத் தெரிஞ்சிருந்தா நின்னுபோயிருக்கும்.

எல்லாரும் சேரை மடக்கிக்கிட்டு மேல போனாங்க. நான் டீச்சர்கிட்டப் போனேன். திருட்டுன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். வாயில வந்தது வேற.

“பதினோரு வருஷமா இருக்கற என்கிட்டச் சொல்லல, சரி. நேத்து வந்த லின்கிட்ட மட்டும் எப்படி டீச்சர் சொன்னீங்க?”

டீச்சர் கோபமா எல்லாம் சொல்லல.

“அவரு ‘எதுக்கு’ன்னு கேட்டாருங்ண்ணா. நீங்க பில்லுதானுங்களே கேட்டீங்க.”